கத்திக்குப் போட்ட புள்ளிகள்

போன சனிக்கிழமை ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இந்த வாரமும் முயற்சி செய்கிறேன்... ஆனால் வாக்குத் தர மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் என் மகளைப் பொலிஸில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

என்ன செய்தாள்? கம்பியூட்டரில் ஒரு பெண்ணின் இரண்டு கையிலும் கத்தியைக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். கோபத்தில் சொன்னால் எனக்கு வரிசை தவறிப்போகும்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நிரோஷாவைத் தெரியும். ராகலையில் எங்கள் வீட்டு அரசாங்கம் அவள்தான். வயது பதினேழு, ஏ.எல். வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய அப்பா கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். நான் கணித டீச்சர். ஆக, வீட்டில் இருப்பது ஓர் அரசாங்கமும் ஓர் எதிர்க்கட்சியும்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ரிஸ்வான் நானாவின் கொமியூனிகேஷன் கடை. முன்பெல்லாம் கொழும்புக்குக் கோல் எடுக்க அங்கேதான் கியூவில் நிற்போம். எல்லார் கைக்கும் ஃபோன் வந்த பிறகு, நானா அந்தக் கண்ணாடிக் கூண்டுகளை உடைத்துவிட்டுக் கம்பியூட்டர்களை வைத்தார். டியூஷன் முடிந்ததும் நிரோஷா அங்கே போவாள். ஓர் ஒன்லைன் விளையாட்டு.

எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் இன்டர்நெட் வழியாக ஒரே காட்டுக்குள் இறங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள். ஒருவன் கேடயத்தோடு முன்னால் நின்று அடியெல்லாம் வாங்குவான். ஒருவன் பின்னால் நின்று வைத்தியம் பார்ப்பான். சிலர் தூர நின்று அம்பு விடுவார்கள். சிலர் பூதத்துக்குப் பக்கத்திலேயே போய் அடிப்பார்கள். என் மகள் பக்கத்தில் போய் அடிக்கிறவள். கறுப்பு உடுப்பு, இரண்டு கத்தி.

அந்த ஆள் வளர வளரப் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைக் கொண்டு வித்தைகள் வாங்கலாம் — டலன்ட் என்கிறார்கள். கத்திக்காரிக்கு மூன்று கிளை. ஒன்று பலமாக ஓங்கி அடிப்பது. இன்னொன்று இரண்டு கத்தியால் வேகமாகக் குத்துவது. மூன்றாவது கேடயம். ஒவ்வொரு கிளையின் உச்சியிலும் ஒரு பெரிய வித்தை இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியையும் அந்த ஒரே கிளையில் போட்டால்தான் அது கைக்கு வரும்.

நிரோஷா ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கத்தியில் போட்டிருந்தாள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒருநாள் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள். "அம்மா, இருக்கிறது ஒரு புள்ளி. அடி தவறாம இருக்கிறதுக்குப் போடுறதா, அடியோட பலத்துக்குப் போடுறதா? எது லாபம்?"

அது நிகழ்தகவுக் கணக்கு. என் வகுப்பில் அந்தப் பாடத்தைத் தொடங்கினாலே பாதிப் பேர் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பார்கள். இவள் தானாக வந்து கேட்கிறாள். விடுவேனா? கத்தியைக் கீழே வைத்துவிட்டு — நறுக்குகிற கத்தியைச் சொல்கிறேன் — இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். முதலில் அடி தவறக்கூடாது, பிறகுதான் பலம் என்று வந்தது.

"நானும் அதத்தான் நெனச்சேன். படாத அடியில பலம் இருந்து என்ன, இல்லாட்டி என்ன?" என்றாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் தாய் இல்லையா... வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாத்தையும் கத்தியிலேயே போட்டா எப்படிப் பாப்பா? கேடயத்துலயும் கொஞ்சம் போட்டு வையேன்."

"பாதி அங்க, பாதி இங்கன்னு போட்டா ரெண்டு பெரிய வித்தையும் கிடைக்காதும்மா. அரைவேக்காடா நிக்கணும்."

"உனக்கு அடி விழுந்தா?"

"விழும். அதுக்குத்தான பின்னால வைத்தியக்காரரு நிக்கிறாரு. முன்னால கேடயக்காரரு இருக்காரு. அவங்க வேலைய அவங்க பாப்பாங்க. அடிக்கிறவ அடிக்கணும்மா. பயந்துக்கிட்டே அடிச்சா பூதம் சாகாது, நாங்கதான் சாவோம்."

மறுபடி லீக்ஸை எடுத்தேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முதல்நாள் பெய்த மழையில் நானாவின் கடை இன்டர்நெட் லைன் செத்துவிட்டது. நிரோஷாவின் கூட்டம் அன்றைக்கு ஒரு பெரிய பூதத்தை அடிப்பதாக ஏற்பாடு. கூட்டம் என்றால் கொழும்பில் ரெண்டு பையன்கள், கண்டியில் ஒரு பிள்ளை, மலேசியாவில் ஒரு வைத்தியக்காரப் பையன் — எல்லாரும் ஸ்கூல் பிள்ளைகள். "நான் போகலன்னா கிட்டப் போய் அடிக்க ஆள் இல்லம்மா" என்று பஸ் ஏறிப் பக்கத்து டவுனில் உள்ள நெட் கஃபேக்குப் போனாள். மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். நானும் கொஞ்சம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். பட்டப்பகல். ஆள் நடமாட்டமுள்ள கடைவீதி. என்ன வந்துவிடப் போகிறது?

வடக்கில் சண்டை. அது எங்கள் மலைக்கு என்னவாக வந்து சேர்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸை நிறுத்துவார்கள், இறங்கச் சொல்வார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். நிரோஷாவிடம் அது இல்லை. பாடசாலை மூலம் விண்ணப்பித்து மாதக்கணக்காகிறது. இன்னும் வந்து சேரவில்லை. யாரைக் கேட்டாலும் "மேலே அனுப்பியாச்சு" என்கிறார்கள். மேலே என்றால் எங்கே? நாங்கள் இருப்பதே ஆறாயிரம் அடிக்கு மேலேதான்.

அந்த நெட் கஃபேக்குள் பொலிஸார் சோதனைக்கு வந்தார்கள். எல்லாரிடமும் அட்டை கேட்டார்கள். இவளிடம் இல்லை. பெயரைக் கேட்டார்கள், சொன்னாள்; தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தது. பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார்கள். கறுப்பு உடுப்புப் பெண், இரண்டு கையிலும் கத்தி, பூதத்தின் முதுகில் குத்திக்கொண்டிருக்கிறாள்.

எழும்பச் சொல்லிவிட்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து எனக்குக் கோல் எடுத்தாள். "அம்மா, என்னக் கூட்டிட்டு வந்துட்டாங்க." குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. பிறகு யாரோ ஃபோனை வாங்கிச் சிங்களத்தில் சொன்னார்: தாய் மட்டும் வந்தால் போதாது, இந்தப் பிள்ளையைத் தெரியும் என்று சொல்ல நாலு பேர் மதிக்கிற ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எங்கள் ஊரில் இதற்கு வழக்கமான முறை ஒன்று இருக்கிறது. தேயிலைத் தோட்டமென்றால் அதை நடத்துகிற துரையிடம் போவார்கள். டவுனென்றால் பாடசாலை அதிபர் அல்லது தொழிற்சங்கத் தலைவர். பெரிய மனிதர் ஒருவர் வந்து 'இது நம்ம பிள்ளை' என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்வரிசை, கோயில் திருவிழாவுக்கு முதல் மாலை என்று அவர்களுக்கு நாங்கள் கொடுப்பதெல்லாம் பிறகு எதற்காக?

அதிபருக்குக் கோல் எடுத்தேன். நான் வேலை செய்வதும் நிரோஷா படிப்பதும் அவருடைய பாடசாலையில்தான்.

"அப்படியா டீச்சர்... சரியான கவலையா இருக்கு. இன்னைக்கு லீவு நாள் பாருங்க. திங்கட்கிழமை வந்த உடனே கடிதம் ஒண்ணு தாறேன்."

"சேர், பிள்ளை இப்ப அங்க இருக்கா."

"விளங்குது டீச்சர், விளங்குது. லெட்டர்ஹெட் ஒஃபிஸ்ல பூட்டியிருக்கு."

அடுத்தது தலைவர். எடுத்தது அவருடைய ஆள். தலைவர் கூட்டத்தில் இருக்கிறாராம். பிறகு அந்த ஆளே கேட்டார்: "பொம்பளப் புள்ள எதுக்குங்க டீச்சர் தனியா அங்க போச்சு?"

ஃபோனை வைத்துவிட்டேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டுக்கு ஓடி வந்தேன். ரிஸ்வான் நானா கடை வாசலில் நின்று லைன்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். லெட்டர்ஹெட் தேடவில்லை. ஏன் போனாள் என்று கேட்கவில்லை.

"ஒண்டும் யோசிக்காதீங்க டீச்சர். இரிங்க, ஷட்டர இழுத்துட்டு வாறேன்."

லைன்காரர் பாவம், வெளியே ஏணியோடு நின்றார். நாங்கள் த்ரீவீலில் ஏறிவிட்டோம்.

ஸ்டேஷனில் நிரோஷா ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழும்பவில்லை, எழும்பலாமா என்று மேசைக்குப் பின்னால் இருந்த பொலிஸ் சார்ஜனைப் பார்த்தாள். காலையில் என்னோடு மல்லுக்கட்டிவிட்டுப் பஸ் ஏறிய பிள்ளை. எழும்புவதற்கு அனுமதி பார்க்கிறாள்.

சார்ஜன் கெட்டவரில்லை. அதையும் சொல்ல வேண்டும். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. பிள்ளைக்குத் தேத்தண்ணி கூடக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் முன்னாலும் கேட்டார்.

"இந்த கேம் எனக்குத் தெரியும் டீச்சர். அதுல வைத்தியம் பாக்கிற ஆளும் இருக்கு. அம்பு விடுறதும் இருக்கு. இவ்வளவு இருக்கும்போது, ஏன் உங்க மகள் குத்துறதை எடுத்தா?"

நான் சிங்களத்தில் பதில் தேடிக்கொண்டிருந்தேன். நானா மரியாதையாக, மெதுவாகக் கேட்டார்.

"மாத்தயாவுக்கு எப்படித் தெரியும் இந்த கேம்?"

"என் மகன் விளையாடுறான். ஸ்கூல் விட்டு வந்தா அதேதான்."

"மகன் என்ன ஆள்?"

சார்ஜன் கொஞ்சம் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தகப்பனின் பெருமை வந்துவிட்டது. "அவன் வாள்காரன். பெரிய வாள். எல்லாப் புள்ளியும் வாளுக்குத்தான்" என்றார்.

பிறகு மேசையில் இருந்த பேனையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

அவருடைய மகனிடம் யார் போய்க் கேட்பார்கள், ஏன் வாளை எடுத்தாய் என்று? கொழும்பில் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடுகிற அந்த ரெண்டு பையன்களிடம் யார் கேட்பார்கள்? விளையாட்டில் யார் வேண்டுமானாலும் எந்த ஆளையும் எடுக்கலாம். விளையாட்டுக்கு வெளியே சில பிள்ளைகள் மட்டும் காரணம் சொல்ல வேண்டும்.

நானா தன் கடையின் பெயரைச் சொல்லி, தன் அட்டையைக் காட்டி, "இந்தப் பிள்ளை நாளும் என் கடைக்கு வர்ற பிள்ளை, நான் பொறுப்பு" என்றார். விட்டுவிட்டார்கள். வாசல் வரை வந்து சார்ஜன் எனக்குப் புத்தி சொன்னார்: மகளுக்கு வேறே ஏதாவது நல்ல விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள், டீச்சர்.

நன்றி சொன்னேன். ஆமாம், நன்றி சொன்னேன். வேறே என்ன சொல்ல முடியும்?

த்ரீவீலில் வரும்போது நிரோஷா நானாவைக் கேட்டாள். "நானா, நான் லொக் அவுட் பண்ணாமலே வந்துட்டேன். என் ஆளு செத்துருக்கும்ல?"

"தெரியாது மகள். பாப்பம்" என்றார் நானா.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் அதிபர் உண்மையிலேயே கடிதத்தோடு வந்தார். லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து, எல்லாம் சுத்தம். நல்லொழுக்கமுள்ள மாணவி என்று இருந்தது. கொடுத்துவிட்டு ஓர் ஆலோசனையும் சொன்னார்.

"பிள்ளை அந்த விளையாட்டுல வைத்தியக்காரி மாதிரி ஏதாவது எடுத்திருக்கலாமே டீச்சர். பொம்பளப் பிள்ளைக்கும் பொருத்தம். நமக்கும் பிரச்சினை இல்ல."

கடிதத்தை எடுக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு நிகழ்தகவு நடத்தினேன். ஒருவரும் மலையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்கள்.

இரவு அவளுடைய அப்பாவும் ஃபோனில் அதையே சொன்னார். "அந்தக் கருமத்த விட்டுத் தொலைக்கச் சொல்லு." சித்திமார் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எல்லாரும் ஒரே குரலில்: கத்தி எதுக்கு? கேடயத்த எடு.

யோசித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இந்தப் பிள்ளைக்கு நாங்கள் எதைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்? கொழும்புக்குப் போனால் பொட்டை எடுத்துவிடு. பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசாதே. ஃபோன் வந்தால் 'ஹலோ'வோடு நிறுத்து. யாராவது முறைத்தால் தலையைக் குனி. ஏதாவது கேட்டால் முதலில் சிரி. எல்லாம் கேடயம். உள்ள புள்ளியெல்லாம் கேடயம். கையில் ஒரு குண்டூசி கொடுக்கவில்லை. பிறகு மேடையேறி, எங்கள் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை போதாது என்று பேசுகிறோம்.

எங்களைச் சொல்லிக் குற்றமில்லைதான். எல்லாவற்றையும் கத்தியில் போடுகிறவளுக்குப் பின்னால் ஒரு வைத்தியக்காரனும் முன்னால் ஒரு கேடயக்காரனும் நிற்க வேண்டும். எங்களுக்கு நிற்கிறவர்கள் யார்? ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார். இன்னொருவருக்கு லீவு நாள்.

புதன்கிழமை பாடசாலை விட்டு வரும்போது நானா கூப்பிட்டார். லைன் வந்துவிட்டது. நிரோஷாவும் உள்ளே இருந்தாள்.

"டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க. பிள்ளை புள்ளி எல்லாத்தையும் கழட்டிட்டா."

போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்த விளையாட்டில் போட்ட புள்ளிகளைத் திருப்பி வாங்கி மறுபடி போடலாம். நிரோஷா அதைச் செய்திருந்தாள். கத்திக் கிளை முழுக்கச் சாம்பல் நிறம். நானும் அவளும் கணக்குப் போட்டு வாங்கிய வித்தைகூட இல்லை. எல்லாப் புள்ளியும் கேடயத்தில்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஊரே கேட்டது கிடைத்துவிட்டது.

"ஏன் பாப்பா?"

"இது பாதுகாப்பும்மா."

"உன் கூட்டம் என்ன சொல்லுது?"

பழைய செய்திகளைத் திறந்து காட்டினாள். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, அவளுடைய ஆள் அந்தக் காட்டில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறது. பூதம் அடித்திருக்கிறது. 'எங்க போயிட்ட?' என்று ஒருவன் கேட்கிறான். 'லைன் போயிருக்கும், விட்டுட்டு வாங்க' என்கிறான் இன்னொருவன். அந்த மலேசியப் பையன் விடவில்லை. கேடயக்காரனை அவளுக்கு முன்னால் நிற்கச் சொல்லி, தன் சக்தி தீரும்வரை வைத்தியம் பார்த்திருக்கிறான். கடைசியில் நாலு பேரும் அவளைச் சுற்றி நின்றபடியே செத்திருக்கிறார்கள்.

அவள் முகத்தை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. அவர்களிடம் லெட்டர்ஹெட்டும் இல்லை.

"இப்படிப்பட்ட ஆளுங்க இருக்கும்போது கேடயம் எதுக்குடி?"

"அவங்க அங்க நிப்பாங்கம்மா. கதவத் தொறந்துக்கிட்டு யாரும் வந்தா..." முடிக்கவில்லை. நாற்காலியைப் பார்த்தேன். கடை வாசல் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டிருந்தாள்.

அப்போதுதான் ஒன்றை முடிவு செய்தேன். அறிவுரை சொல்லிப் பயனில்லை. ஊர் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலியை இழுத்து, வாசலை மறைத்தாற்போல் உட்கார்ந்தேன்.

"நானா, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"என்ன டீச்சர், ஈமெயிலா?"

"ஆள். வைத்தியக்காரி."

நானா என்னைப் பார்த்தார், நிரோஷாவைப் பார்த்தார், கம்பியூட்டரைப் போட்டார். நிரோஷா வாயைப் பொத்திக்கொண்டாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"அம்மா, உங்களுக்கு மவுஸே சரியாப் பிடிக்கத் தெரியாது."

"கணக்குத் தெரியும்ல? நீ புள்ளியக் கழட்டு முதல்ல. அடி தவறாம இருக்கிறதுல இருந்து தொடங்கு."

கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழற்றினாள். ஒவ்வொன்றாகக் கத்தியில் போட்டாள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கேடயத்தின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. சத்தியமாகக் கஷ்டமாக இருந்தது.

அதையும் கத்தியில் போட்டாள்.

பயம் போய்விட்டதா? இல்லை. அவளுக்கும் போகவில்லை, எனக்கும் போகவில்லை. கதவு சத்தம் கேட்டால் இன்னும் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறோம். அடையாள அட்டை இன்னும் மேலேயிருந்து இறங்கவில்லை.

நேற்று எங்கள் முதல் சண்டை. பூதம் என்று சொல்ல முடியாது, ஒரு காட்டுப்பன்றி. நிரோஷா பாய்ந்து போய் அடித்தாள். அவளுக்கு அடி விழுந்தது. நான் அவசரத்தில் எதையோ அமுக்க, பக்கத்தில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு வேட்டைக்காரனின் நாய்க்கு வைத்தியம் நடந்துவிட்டது.

"அம்மா, நாய விடுங்க. இங்க பாருங்க, செத்துக்கிட்டு இருக்கேன்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி அதட்டினாள் — தமிழில், வாசலைத் திரும்பிப் பார்க்காமல்.

அதட்டட்டும். அரசாங்கம் திரும்ப வந்துவிட்டது.